கூடாரத்தை முதலில் மொட்டை மாடியில் போடு

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் சிநேகிதர்கள் நாலு பேரோடு காட்டில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்கிறாய். அம்மா மறுக்கிறாள், மாமா சொன்னால் கேட்பாள் என்று தூதும் விட்டிருக்கிறாய். திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையின் லேத் சத்தத்திலும் லாரிப் புழுதியிலும் வளர்கிற பிள்ளைக்குக் காட்டின் மேல் ஆசை வந்திருப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் காட்டைப் பகலில் பழகாதவன் ராத்திரியில் அங்கே போகக் கூடாது.

பகலில் பழக வண்டலூர் போதும். மிருகக்காட்சி சாலை என்றதும் முகம் சுளிக்காதே. 1855-ல் எழும்பூரில் தொடங்கி, 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா 602 ஹெக்டேர் காட்டுக்குள் இருக்கிறது. எல்லோரும் புலியையும் சிங்கத்தையும் தேடி ஓடுவார்கள். நீ ஓட்டேரி ஏரிக்கரைக்குப் போ. அரை மணி நேரம் பேசாமல் உட்கார். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே தெரியாது. பிறகு, நீ பட்ட கிளை என்று நினைத்தது பாம்புத்தாராவாக இருக்கும்; ஈரச் சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிஷப் பொறுமைதான் காட்டுக்கு முதல் பாடம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மீண்டு எழுந்த காட்டின் நிழலில்தான் நீ நடக்கப்போகிறாய்.

மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டையும் சொல்ல வேண்டும். சுமார் 320 ஹெக்டேர் முள்காடு. கைவிட்ட கல்குவாரியின் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும்.

இனி ராத்திரிக்கு வருகிறேன். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கூடாரம் போடவோ அடுப்பு மூட்டவோ கூடவே கூடாது. உன் பரீட்சை முடிவது ஏப்ரலில். புல் காய்ந்து, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் காலம் அது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேறப் போனவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், நம் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷக் கால் ஈடு கொடுக்காது. அந்தச் செய்தியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. உன் அம்மா மறுப்பதும் இதனால்தான்.

முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். தீ பரவும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. கற்கால மனிதன் தங்கிய இடம். அந்த மனிதனின் கற்கருவியை 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டெடுத்தது எங்கே தெரியுமா? நீ பஸ் மாறும் பல்லாவரத்தில்! ராத்திரி தங்க வேண்டுமானால் கோவை மாவட்டம் பூச்சமரத்தூரில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் விடுதி இருக்கிறது. அங்கே பெரியவர் ஒருவரோடு போகலாம்.

கூடாரத்தை முதலில் வீட்டு மொட்டை மாடியில் போட்டுப் பழகு. இருட்டில், டார்ச் இல்லாமல் கட்டவும் அவிழ்க்கவும் வர வேண்டும். ஜிப்பை எப்போதும் மூடியே வை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். பெரும்பாலும் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். கடித்த இடம் அதிகம் வலிக்காது, வீங்காது. கொசுக்கடி என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடிவதற்குள் வயிறு வலிக்கும், இமை தொங்கும், மூச்சு முட்டும். அதனால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகு. காலையில் ஷூவை உதறிவிட்டுக் கால் விடு. பாம்பு கடித்ததோ என்று யாருக்காவது சந்தேகம் வந்தாலும் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். அம்மாவையும் கூட்டி வா. ஏரிக்கரையில் உட்கார்ந்து நானே அவளிடம் பேசுகிறேன்.

உன் மாமா,
தாம்பரம்