நரப்பிசைக் கருவியின் ஓரவரி

பிடிலை உற்று நோக்கியவர், அதன் மேற்பலகையின் விளிம்பையொட்டி ஓடும் மெல்லிய கருவரியைக் கண்டிருப்பர். அதனை மையால் இட்ட கோடென்று கருதுதல் இயல்பே. மலிவான கருவிகள் சிலவற்றில் அது வெறுங்கோடாகவே இருப்பதும் உண்டு. நல்ல கருவியிலோ, அது மரத்தில் மரத்தைப் பதித்த வேலைப்பாடாகும். அதன் பயனையும், அதற்குரிய மரம் வரும் வழியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

புறத்தே இரண்டு கரியனவும் நடுவே ஒன்று வெளியதுமாக மூன்று மென்கீற்றுக்கள் ஒட்டியமைந்ததே இவ்வரி. மூன்றும் சேர்ந்த அகலம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டரே. விளிம்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் உள்ளே சிறு பள்ளம் வெட்டி, கீற்றைச் சூட்டினால் வளைத்து, வச்சிரம் இட்டுப் பதிப்பர். மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் மென்மரமாதலின், விளிம்பில் அடிபட்டால் நார்வழியே பிளவு உள்ளோடும். குறுக்கே நிற்கும் இவ்வரி அதனைத் தடுக்கின்றது. ஆகவே, அழகே காவலுமாயிற்று. செய்யுளில் அணி பொருளோடு ஒன்றி நின்றாற் சிறக்கும் என்று நாம் பயில்கின்றோம். தச்சன் அதனை உளியாற் காட்டுகின்றான்.

இனி, மரத்தைக் காண்போம். இத்தாலியில் கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்திராடிவாரி (இறப்பு 1737) வெண்கீற்றுக்குப் பாப்லர் மரத்தையும், கருங்கீற்றுக்குச் சாயந்தோய்த்த பேரி மரத்தையும் கொண்டார். இரண்டும் அந்நாட்டில் எளிதிற் கிடைப்பன. பிற்காலத்துக் கித்தார் செய்வோரோ, ஓரப்பட்டைக்கும் பிற உறுப்புக்களுக்கும் தொலைநாட்டு ஈட்டியையும் கருங்காலியையும் நாடினர். வெட்டு மிகுந்து மரம் அருகியமையால், 1992 இல் பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வாணிகம் தடுக்கப்பட்டது. 2017 இல், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி உட்பட அவ்வினம் முழுதும் கட்டுப்பாட்டினுள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அக்கட்டுப்பாட்டினின்றும் 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது.

கருங்காலியின் செய்தி இன்னும் இரங்கத்தக்கது. அதன் உள்வயிரம் முழுக்கருமையோ, வரியோடியதோ என்பது வெட்டிய பின்னரே தெரியும். கமரூன் நாட்டுக் காடுகளில், வரியோடியவை விலைபோகா என்று வெட்டிய இடத்திலேயே கைவிடப்பட்டன. 2011 இல் அங்கே பங்காளியொருவருடன் ஆலை வாங்கிய டெய்லர் கித்தார் நிறுவனத்தார், வரியோடிய மரத்தையும் ஏற்றுக் கருவிகளில் அமைத்தனர்.

ஓரவரிக்கு வேண்டுவது சிறு கீற்றே. பிற வேலையில் மிஞ்சிய துண்டும், சாயமேற்றிய உள்ளூர் மரமும் அதற்குப் போதும். ஒரு மில்லிமீட்டர் கருமைக்காகக் காட்டில் ஒரு மரம் வீழ வேண்டுமோ? பேரி மரத்தாற் ஸ்திராடிவாரியின் பிடிலுக்கு யாதொரு குறையும் நேர்ந்ததில்லை. ஆதலின், கருவி செய்வோர் மரத்தின் நிறத்தை வினவுமுன் அது வந்த காட்டை வினவுதல் கடனாம்.