பத்து வயசில் போட்ட திட்டம்

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச வேண்டிய பாடம்)



சைக்கிளைப் பற்றி நமக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991, 92-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளே போதும் என்றார்கள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

ஆனால் நம்ம சைக்கிள் எதுவரை போகிறது? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வங்கி, சந்தை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த மாதப் பாடத்தில், ஒரு பெண் தன்னந்தனியாக பல நாடுகளைத் தாண்டி, ஆறு மாதம் பயணம் செய்து, சைக்கிளோடு டெல்லிக்கு வந்து சேர்ந்ததைப் பார்ப்போம். அந்தப் பயணத்தைவிட, அதற்கு முன்னால் அவர் வீட்டில் இருந்த வருஷங்கள்தான் நமக்கு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பெயர் டெர்வ்லா மர்பி. அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்ற சின்ன ஊர். 1931-இல் பிறந்தார். அப்பா நூலகர். வசதியான குடும்பம் இல்லை. பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பாவும் அம்மாவும் ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். தாத்தா ஒரு உலகப்படப் புத்தகம் கொடுத்தார். சில நாள் கழித்து ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறும்போது, குனிந்து தன் கால்களைப் பார்த்தாராம். இந்தக் கால் இப்படியே மிதித்துக்கொண்டு இருந்தால் ஒருநாள் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று நினைத்தாராம். பத்து வயசுப் பிள்ளையின் நினைப்பு. நம்ம பிள்ளைகளும் இப்படி எத்தனையோ சொல்கிறார்கள், நாமும் சிரித்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கிறோம்.

அம்மாவுக்கு மூட்டுவாத நோய். மகள் சிறுபிள்ளையாக இருந்தபோதே நடமாட முடியாமல் போய்விட்டது. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் 14 வயசில் டெர்வ்லாவின் படிப்பு நின்றது. வீட்டு வேலை, அம்மாவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 31 வயசு நெருங்கும்வரை இதே வேலை. 1979-இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அந்தக் காலத்தைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறார். கடைசி வருஷங்களில் கோபம் வந்தது, மூச்சு முட்டியது, மனசு உடைந்து போகிற நிலைக்கு வந்தேன் என்கிறார். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். படுக்கையில் இருப்பவரை ராத்திரி பகல் பார்த்துக்கொண்ட யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டு, நம்ம குழுவில் மாமியாரையோ அம்மாவையோ பிள்ளையையோ படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் யார் யார் என்று ஒருமுறை பாருங்கள். அவர்கள் கடைசியாக ஒரு முழுநாள் வெளியே போனது எப்போது? போனபோது வீட்டில் யார் இருந்தார்கள்? அவர்களே சொல்லட்டும்.

டெர்வ்லாவின் அம்மா ஒரு நல்ல காரியம் செய்தார். நாற்காலியில் இருந்தபடியே, "நீ கொஞ்ச நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வா" என்று மகளைத் தூண்டினார். 1951-இல் வேல்ஸ், தெற்கு இங்கிலாந்து. 1952-இல் பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ். 1954-லும் 56-லும் ஸ்பெயின். எல்லாம் சில வாரங்கள்தான். போனதைப் பற்றி பத்திரிகைகளுக்கு எழுதியும் அனுப்பினார். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் தாங்கும், எவ்வளவு காசு ஆகும், எதைக் கொண்டுபோனால் வீண் சுமை என்பதெல்லாம் இந்தச் சின்னப் பயணங்களில் தெரிந்தது. சந்தா மாதிரிதான் இதுவும். மாசம் இருபது ரூபாய் போடும்போது பெரிசாகத் தெரியாது.

1961-இல் அப்பா இறந்தார். 1962-இல் அம்மாவும் இறந்தார். 1963 ஜனவரியில், பத்து வயசில் போட்ட திட்டத்தை எடுத்துக்கொண்டு டெர்வ்லா கிளம்பிவிட்டார்.

என்ன கொண்டு போனார்?

ஜென்ட்ஸ் சைக்கிள்தான். நம்ம புதுக்கோட்டை அக்காமார்களைப் போல! அதற்கு 'ரோஸ்' என்று பெயர். பழைய ஸ்பெயின் நாட்டுக் கதை ஒன்றில் வருகிற நோஞ்சான் குதிரையின் பெயரைச் சுருக்கி வைத்தது. அந்தச் சைக்கிளில் கியர் இருந்தது. கிளம்பும் முன் அதைக் கழற்றிவிட்டார். கரடுமுரடான ரோட்டில் கியர் கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடைக்காது, கியர் இல்லாத சைக்கிளை எந்த ஊர்க் கடையிலும் சரிபார்க்கலாம் என்ற கணக்கு. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

டயர் விஷயத்தில் இன்னும் நல்ல கணக்கு. எல்லா டயரையும் சுமந்துகொண்டு போகவில்லை. வழியில் இருக்கிற பிரிட்டிஷ் தூதரகங்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைத்தார். அங்கே போய்ச் சேரும்போது டயர் காத்துக்கொண்டு இருக்கும். சந்தைக்குப் போகிற வழியில் தெரிந்தவர் கடையில் சாக்கை வைத்துவிட்டுப் போகிறோமே, அதே புத்திதான். துணிமணி மிகக் குறைவு. நோட்டு, பேனா, வரைபடம். ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. ஊருக்குப் பக்கத்து மலையில் சுட்டுப் பழகிக்கொண்டுதான் எடுத்துப்போனார்.

பிரான்சில் கிளம்பி இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்தார். அந்த வருஷம் ஐரோப்பாவில் கொடுமையான பனி. முழுத் தூரத்தையும் மிதித்தே கடந்தார் என்று சொன்னால் பொய். முடியாத இடத்தில் ரயிலிலும் லாரியிலும் பஸ்ஸிலும் ஏறிக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. நல்ல ரோடு கிடைத்தால் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தார். பாகிஸ்தானில் பாபுசர் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. 13,000 அடிக்கும் மேலான உயரம். அங்கே பனியில் சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை, அவர்தான் சைக்கிளைச் சுமந்தார்.

பயமாக இல்லையா?

இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தது. யூகோஸ்லாவிய மலையில் இருட்டில் ஓநாய்கள் பாய்ந்தன, சுட்டுத் தப்பித்தார். ஈரானில் திருடர்கள் சூழ்ந்துகொண்டபோது துப்பாக்கியைக் காட்டி விரட்டினார். அதே நாட்டில் ஒரு போலீஸ் நிலையத்தில் ஒருவன் அவரிடம் பலாத்காரத்துக்கு முயன்றான். போராடித் தப்பினார். காவலுக்கு இருக்கிற இடத்திலேயே இப்படி. ஆப்கானிஸ்தானில் பஸ்ஸில் நடந்த தகராறில் துப்பாக்கிக் கட்டை இடித்து மூன்று விலா எலும்பு முறிந்தது. கொஞ்சநாள் ஓய்வெடுத்துவிட்டு மேலே கிளம்பிவிட்டார்.

எனக்குத் தைரியம் என்று எதுவும் இல்லை, பயம் வருகிறவருக்குத்தானே தைரியம் வேணும் என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு இது முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. நமக்குப் பயம் வருகிறது, வரக் காரணமும் இருக்கிறது. ஆனால் அவர் கிளம்பும் முன்பே ஓநாயைப் பற்றி, திருடனைப் பற்றி, டயரைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதை நாமும் செய்யலாம். சுற்றுலாவோ பயிற்சியோ, வெளியூர் போகும் முன் வழி, இறங்கும் நேரம், தங்கும் இடம், யாருக்குப் போன் செய்வது என்று எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போகும். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று கூட்டத்தில் பேசுங்கள்.

வழியிலே அவருக்கு மிகவும் பிடித்தது ஆப்கானிஸ்தான். மலைகளையும், வழிப்போக்கரை உபசரித்த மக்களையும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினார். அதே நாட்டில் 2021 டிசம்பரில் தாலிபான் ஆட்சி ஒரு உத்தரவு போட்டது. 72 கிலோமீட்டருக்கு மேல் போகிற பெண், நெருங்கிய ஆண் உறவினர் துணை இல்லாமல் வந்தால் வண்டியில் ஏற்றக்கூடாது என்று. டெர்வ்லாவுக்கு 72 கிலோமீட்டர் ஒரு நாள் மிதிப்புக்குக்கூடக் காணாது. வருஷம் போகப் போகப் பெண்களுக்குச் சாலை திறந்துகொண்டே போகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

1963 ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். உடனே ஊருக்குத் திரும்பவில்லை. தர்மசாலாவில் திபெத் அகதிக் குழந்தைகள் முகாமில் சில மாதம் வேலை பார்த்தார். புண்ணும் பசியுமாக வந்த குழந்தைகள். நோயாளியைக் கவனித்துப் பழகிய கைக்கு அங்கே வேலை நிறைய இருந்தது. வழியில் எழுதி வைத்த நாட்குறிப்பு 1965-இல் புத்தகமாக வந்தது. அதன்பின் எழுத்துதான் அவர் பிழைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1968-இல் பிறந்த மகளைத் தனியாகவே வளர்த்தார். 1973-இல் அந்த மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி இந்தியா வந்து, நமக்குப் பக்கத்தில் இருக்கிற குடகு மலையில் தங்கினார். அந்தப் பயணத்தில்தான் பிள்ளைக்கு ஐந்து வயசு நிறைந்தது. 2022 மே மாதம், 90 வயசில், அதே லிஸ்மோரில் காலமானார்.

உங்கள் குழுவில் யாராவது சைக்கிளிலோ, பஸ்ஸிலோ, நடந்தோ முதல்முறை தனியாகத் தூரமாகப் போய்வந்திருந்தால், என்ன கொண்டு போனீர்கள், வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போனீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி, கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல ஊக்குநர் எழுதிக் கொடுக்கலாம்.