வௌவாலை விரட்டினால் வைரஸ் போய்விடுமா?

1998-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மலேசியாவின் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். கடுமையான தலைவலி, பிதற்றல், நினைவு தப்புதல், சில நாட்களில் மரணம். இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். பன்றியிடமிருந்து கொசு எடுத்து வந்து மனிதருக்குத் தரும் நோய் அது. ஆகவே ஊரெங்கும் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு மட்டும் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே செத்தவர்களோ பண்ணையில் உழைத்த பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் செத்தார்கள். பன்றிகளே இருமிக்கொண்டு கிடந்தன. கண்ணெதிரே இத்தனை சான்று இருந்தும் கொசுதான் காரணம் என்ற நம்பிக்கை மாதக்கணக்கில் அசையவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங், சுங்கை நிபா என்ற சிற்றூரைச் சேர்ந்த நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை யாரும் அறிந்திராத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த ஊரின் பெயரே வைரஸின் பெயராயிற்று. மலேசியாவில் சுமார் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்ற பிறகு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று அந்தக் கொள்ளைநோயை அடக்கினார்கள். பண்ணைகளின் ஓரத்தில் மாமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் பட்டியில் விழுந்தன, பன்றிகள் தின்றன. வைரஸ் வந்த வழி அதுதான்.

தவறான நம்பிக்கை படித்தவர்களிடமும் ஆட்சியில் இருப்பவர்களிடமும் குடியிருக்கும் என்பதற்காகத்தான் இந்தக் கதையை முதலில் சொன்னேன். அன்று கொசுவின் மேல் விழுந்த பழி இன்று வௌவாலின் மேல் விழுகிறது. இந்தமுறை பழியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு நாம் செய்யத் துடிக்கும் காரியங்கள்தான் ஆபத்தானவை.

நம்பிக்கை: வௌவால்களை ஒழித்தால் நோயும் ஒழியும்

கேரளத்தில் நிபா என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும், வௌவால் தங்கும் மரங்களை வெட்ட வேண்டும் என்று குரல் எழுகிறது. நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலின் உடலில் வாழ்கிறது என்பது உண்மை. 2018-இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே பிடித்த பழந்தின்னி வௌவால்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் இந்த வைரஸைக் கண்டது. தமிழ்நாடு, புதுச்சேரி உட்படப் பல மாநில வௌவால்களிடமும் நிபாத் தொற்றின் தடயம் கிடைத்திருக்கிறது. பறப்பதற்காக வளர்ந்த வௌவாலின் உடல் வைரஸோடு மூர்க்கமாகச் சண்டையிடுவதில்லை. அடக்கி வைத்துக்கொண்டு வாழப் பழகியிருக்கிறது. ஆனாலும் எல்லா வௌவாலும் எல்லா நாளும் வைரஸைக் கொட்டிக்கொண்டிருப்பதில்லை. எப்போதோ, சில வௌவால்களின் எச்சிலிலும் சிறுநீரிலும்தான் அது வெளிவருகிறது.

அழித்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் 2007-இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் வைரஸ் தொற்றியது. சுரங்கத்தில் குடியிருந்த வௌவால் கூட்டத்தை முழுவதுமாகக் கொன்றார்கள். சில ஆண்டுகளில் வேறிடத்து வௌவால்கள் அங்கே குடியேறின. 2012-இல் ஆராய்ந்தபோது அந்தப் புதிய கூட்டம் மிகச் சிறியதாக இருந்தது. ஆனால் வைரஸ் தொற்றியிருந்தவற்றின் விகிதமோ முன்பு 5 விழுக்காடாக இருந்தது 13 விழுக்காடாக ஏறியிருந்தது. அதே ஆண்டில் பக்கத்து இபாண்டா பகுதியில் மார்பர்க் மனிதரிடையே வெடித்தது. நோயெதிர்ப்புப் பெற்ற மூத்த வௌவால்களைக் கொன்றுவிட்டு, எதிர்ப்பில்லாத இளங்கூட்டத்துக்கு இடம் விட்டதன் பலனாக இது இருக்கலாம். பெரு நாட்டில் வெறிநோயைத் தடுக்க இரத்தம் உறிஞ்சும் வௌவால்களைக் கொன்றதிலும் பயன் விளையவில்லை.

இதைவிட முக்கியமான பாடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸ் 1994-இல் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்றது. வௌவாலிடமிருந்து குதிரைக்கும் குதிரையிடமிருந்து மனிதருக்கும் வந்த நோய். அது சில ஆண்டுகளில் மட்டும் ஏன் தலைகாட்டுகிறது என்ற கேள்விக்கு விடை தேடி, 25 ஆண்டுத் தரவுகளை ஆய்வாளர்கள் அடுக்கிப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகள் வெட்டப்பட்டதால் வௌவால்கள் பட்டினி கிடந்தன. சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஊர்ப்புறத்துக்கும் குதிரை மேயும் நிலத்துக்கும் வந்தன. அப்படிப் பசித்த காலங்களை ஒட்டித்தான் வைரஸ் குதிரைக்குத் தாவியது. எஞ்சிய காடு அமோகமாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கே திரும்பின, தொற்றும் தாவவில்லை. மரத்தை வெட்டி வௌவாலை விரட்டச் சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வௌவால் காட்டில் வயிறு நிறைந்து இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

நம் நாட்டில் சட்டமே நெடுங்காலம் இந்த உயிரை மதிக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எலி, காகத்தோடு பழந்தின்னி வௌவாலையும் தொல்லை உயிரினப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம்தான் அந்தப் பட்டியலை நீக்கியது. இலுப்பை விதைகளைத் தாய்மரத்திலிருந்து தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போடுவது வௌவால். நெல்வயலின் மேல் பறந்து இரவெல்லாம் பூச்சி பிடிப்பது அதன் சிறிய உறவு. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் தங்கள் ஊர் வௌவால்களைக் காத்துவரும் கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவர்கள் செய்வது அறிவியலுக்கு ஒத்த காரியம். தொந்தரவு செய்யாத தூரத்தில் இருந்தால் போதும். செத்துக் கிடப்பதையும் அடிபட்டுக் கிடப்பதையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

நம்பிக்கை: வௌவால் கறி இளைப்புக்கு மருந்து

இது உண்மையிலேயே உயிருக்கு உலை வைக்கும் நம்பிக்கை. ஆஸ்துமாவை வௌவால் கறி தீர்த்ததாக எந்த மருத்துவச் சான்றும் இல்லை. சுட்டு வீழ்த்தியதைக் கையில் எடுத்து, தோலுரித்து, குடலை அகற்றும்போது எச்சிலும் சிறுநீரும் இரத்தமும் கையில் படுகின்றன. வைரஸ் மனிதருக்குத் தாவ இதைவிட நேரான வழி கிடையாது. வேட்டையாடுவது சட்டப்படி குற்றமும்கூட. வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இன்ஹேலர்தான் அதற்கு மருந்து.

நம்பிக்கை: பழமே சாப்பிடக் கூடாது

நிபா பரவிய 2018-இல் கேரளத்தில் மாம்பழமும் ரம்புட்டானும் கடைகளில் தேங்கின. ஐக்கிய அரபு அமீரகம் கேரளப் பழங்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. பழ வியாபாரிகளின் பிழைப்பில் மண் விழுந்தது. கடிபட்ட, கொத்துப்பட்ட பழத்தை எறிந்துவிடுங்கள். மற்றதை நன்றாகக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.

வங்கதேசத்தின் கதை வேறு. அங்கே பனிக்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டி, இரவெல்லாம் வடியும் சாற்றை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பார்கள். வௌவாலும் அதே சாற்றை நக்க வருகிறது. சீவிய இடத்தில் எச்சிலும் பானையில் சிறுநீரும் சேர்கின்றன. 2001 முதல் அங்கே கிட்டத்தட்ட ஆண்டுதோறும் நிபா தலைகாட்டுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. இரவில் பிடித்த வௌவால் படங்களைப் பார்த்து இந்த வழியை உறுதிசெய்த ஆய்வாளர்கள், மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிச் சீவிய இடத்தையும் பானை வாயையும் மூடும் பழைய உள்ளூர் முறையைப் பரிந்துரைத்தார்கள். கொதிக்க வைத்தாலே வைரஸ் செத்துவிடும். வெல்லமாகக் காய்ச்சியதில் ஆபத்தில்லை. மரமேறிகளையும் அவர்கள் தொழிலையும் பழிக்காமல், பானைக்கு ஒரு மூடி போடச் சொன்ன அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று: கேரளத்தில் 2018-இல் முதலில் நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்ததைக் கண்டு, கிணற்றுத் தண்ணீரால் நோய் வந்தது என்று பரவலாகப் பேசினார்கள். அவை பூச்சி தின்னும் வௌவால்கள். அவற்றில் நிபா இல்லை.

நம்பிக்கை: கொரோனாபோல் ஊரெல்லாம் பரவிவிடும்

வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை நோயுற்ற 248 பேரை ஆராய்ந்ததில், ஒரு நோயாளி சராசரியாகத் தொற்றவைத்தது 0.33 பேருக்கு, அதாவது மூன்று நோயாளிகளிடமிருந்து ஒருவருக்கு. மூச்சுத்திணறலோடு இருமியவர்களிடமிருந்துதான் அது அதிகம் பரவியது. தெருவில் கடந்துபோகிறவருக்குத் தொற்றுவது அரிது. நெருங்கி இருந்து துடைத்துவிடுகிறவர், ஊட்டுகிறவர், தூக்கி உட்காரவைக்கிறவர், இவர்களுக்கே ஆபத்து. மனைவி, மகன், அண்ணன், செவிலியர். இந்த நோய் அன்பு செலுத்துகிறவர்களைத் தேடிப் பிடிக்கிறது.

எனவே இது வெடிக்கும் இடம் பெரும்பாலும் மருத்துவமனை. 2001-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேர் நோயுற்றார்கள், 45 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏதோ ஒரு வகையில் மருத்துவமனையில் தொற்றுக்கு ஆளானவர்கள். என்ன நோய் என்று தெரியாமலே அந்தச் சாவுகள் முடிந்துபோயின. அது நிபா என்று ஆய்வேட்டில் வெளிவந்தது 2006-இல்.

கேரளத்தின் 2018-ஐப் பாருங்கள். பேராம்பிரா அருகே ஓர் இளைஞர் காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனையில் சேர்ந்தார். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார்கள். மே 5 அன்று இறந்தார். அவருக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு மருத்துவமனைகளில் அவர் அருகே இருந்தவர்கள், ஸ்கேன் எடுக்கும் பகுதியின் நடைவழியில் காத்திருந்தவர்கள் எனப் பலர் தொற்றைப் பெற்றார்கள். மொத்தம் 23 பேர் நோயுற்றதாக ஆய்வு கணக்கிடுகிறது. முதல் இளைஞரைத் தவிர எல்லாருக்கும் மனிதரிடமிருந்தே வந்தது. 21 பேர் இறந்தார்கள். அந்த முதல் இளைஞரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். தனிமைப்படுத்தப்பட்ட நிலையில் கணவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மே 17 அன்று அந்த இளைஞரின் சகோதரர் அதே அறிகுறிகளோடு கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தபோது, அங்கிருந்த மருத்துவர்கள் கேட்ட கேள்வி எளியது: இந்த வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா? வந்தது, ஒருவர் இறந்தும்விட்டார் என்ற பதில் அவர்களை நிமிர வைத்தது. மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போயின; மே 20 அன்று அது நிபா என்று புனே நிறுவனம் உறுதிசெய்தது. அதன்பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலிட்டுக் கண்காணித்தார்கள். 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. 2021-இல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான். அந்தத் தொற்றும் அவனோடு நின்றது. 2023-இல் முதல் நோயாளி நிமோனியாவில் இறந்ததாகவே எண்ணப்பட்டதால் மீண்டும் ஆறு பேர்வரை போயிற்று, இருவர் இறந்தார்கள். இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வேறுபாடு வௌவாலிடம் இல்லை என்பது தெரியும். முதல் நோயாளியை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டார்கள், அதுவரை அவரைத் தொட்டவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்திருந்தார்களா என்பதில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: எல்லையில் காய்ச்சல் பார்த்தால் போதும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையாறிலும் நாடுகாணியிலும் வாகனத்தை நிறுத்தி நெற்றியில் வெப்பமானி காட்டுவது பயணிகளை எச்சரிக்க உதவும். ஆனால் தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தோன்றப் பொதுவாக 4 முதல் 14 நாட்கள் ஆகின்றன; அந்த நாட்களில் உடல் சுடாது. கேரளத்து ஆய்வகம் ஒருவருக்கு நிபா என்று உறுதிசெய்த அந்த மணி நேரத்திலேயே, அவரைத் தொட்டவர்களில் யார் கோவைக்கும் கூடலூருக்கும் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இங்குள்ள சுகாதார அலுவலருக்கு வந்துசேர வேண்டும். வெப்பமானியைவிட அந்தப் பட்டியல்தான் உயிர் காக்கும்.

நம்பிக்கை: தடுப்பூசி வந்தால் எல்லாம் சரியாகும்

நிபாவுக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒன்றை 2024 ஜனவரியில் முதன்முதலாக மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். ஹெண்ட்ராவுக்காக உருவான ஒரு நோயெதிர்ப்பு மருந்து 2018-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கேரளம் வந்துசேர்ந்தபோது கொள்ளைநோய் அடங்கத் தொடங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் நிபாவைத் தன் முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே பட்டியலில் 'நோய் எக்ஸ்' என்று, இன்னும் உலகம் கண்டிராத ஒரு நோய்க்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த நோய்க்கு முன்கூட்டித் தடுப்பூசி செய்துவைக்க யாராலும் முடியாது.

ஆனால் தாலுகா மருத்துவமனையில் கையுறையும் முகக்கவசமும் கவச உடையும் தட்டுப்பாடின்றி வைத்திருக்க முடியும். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உள்ளவருக்குக் காற்றோட்டமான தனி அறை ஒதுக்க முடியும். துப்புரவுப் பணியாளருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் செவிலியருக்குக் கொடுக்கும் அதே பயிற்சியைக் கொடுக்க முடியும். நம் பங்குக்கு, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலோடு பிதற்றலோ வலிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், கூட்டமாகப் போய்க் கட்டிலைச் சூழாமல் ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு துணையிருக்கலாம். கடந்த மூன்று வாரத்தில் நோயாளி எங்கே போனார், எந்த விலங்கைத் தொட்டார், அவர் பார்த்துக்கொண்ட யாராவது அண்மையில் இதேபோல் நோயுற்றார்களா என்பதை மருத்துவர் கேட்கும்முன்பே சொல்லிவிடலாம்.