கல்லை யார் பார்த்தார்கள் என்று கேள்

திருவள்ளூர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு வைரங்களின் படத்தையும் சான்றிதழையும் பார்த்தேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும்போது அம்மா காதில் ஒற்றைக்கல் தோடு இருக்க வேண்டும் என்று உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருக்கிறாய். அம்மா கல்யாணத்துக்குப் போட்டுவந்த தோடு உன் படிப்புக்காகப் போனது எனக்குத் தெரியும். அதனால்தான் போனில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ராத்திரியே பணம் கட்டட்டுமா என்று கேட்டாய். கட்டாதே. இணையத்தில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்தக் கற்களை யார் கையில் எடுத்துப் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியாது. அது தெரியாமல் கட்டாதே.

நீ பார்த்த தளம் பல்லாயிரம் கற்களைக் காட்டுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தின் பெட்டகத்தில் இல்லை. சூரத்தில் பட்டை தீட்டுகிறவர்களும், மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தின் பாரத் டயமண்ட் போர்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளும் தங்கள் சரக்கைப் பொதுப் பட்டியல்களில் ஏற்றுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பல தளங்கள் இழுத்து, ஒவ்வொன்றும் தன் லாபத்தைக் கூட்டி உனக்குக் காட்டுகின்றன. நீ பணம் கட்டிய பிறகுதான் அவர்கள் கல்லை வரவழைக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் நீ அனுப்பிய சான்றிதழ் எண்ணை அப்படியே கூகுளில் போட்டுப் பார். நான் போட்டேன். அதே கல் இன்னும் இரண்டு தளங்களில், இரண்டு வேறு விலைகளில் இருக்கிறது. மூவருமே தங்களுடையது என்கிறார்கள்.

இதை மோசடி என்று நினைத்துவிடாதே. நீ வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டியில் உன் கண் முன்னால் நடக்கிற வியாபாரம்தான் இது. கம்பித் தரகர் ஒருவர் கையில் ஒரு டன் கூட இல்லாமல் 'ரெடி ஸ்டாக்' என்று பட்டியல் அனுப்புவார். சரக்கு வேறொரு ரோலிங் மில்லின் யார்டில் கிடக்கும். அவரிடம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் லாரி உள்ளே வந்ததும் நீ என்ன செய்கிறாய்? டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் கம்பிக் கட்டில் தொங்கும் தகட்டின் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்கிறாய். பிறகும் ஒரு துண்டை வெட்டி லேபுக்கு அனுப்புகிறாய். காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரக்கைப் பார்க்காமல் நீ கையெழுத்துப் போடுவதில்லை. அம்மாவின் தோட்டுக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

கையில் சரக்கு இல்லாமல் இணையத்தில் வைரம் விற்கும் முறையை உலகமறியச் செய்தது 1999 இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய புளூ நைல். சரக்கில் பணத்தை முடக்காததால் அவர்களால் கடைகளைவிடக் குறைத்து விற்க முடிந்தது. அந்த லாபம் வாங்குபவருக்கும் வந்தது, அதை மறுக்க மாட்டேன். நம் சென்னையில் 2008 இல் காரட்லேன் இணையக் கடையாகத்தான் பிறந்தது. 2016 இல் டைட்டன் அதன் பெரும்பங்கை எடுத்தது. 2023 இல் நிறுவனர் குடும்பத்திடம் இருந்த 27.18 சதவீதத்தையும் 4,621 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. இணையத்தில் பிறந்த அந்த நிறுவனமே பிறகு ஊர் ஊராகக் கடை திறந்தது. கையில் வாங்கிப் பார்க்கும் ஆசை நம் மக்களுக்கு அவ்வளவு ஆழம்.

பார்க்காமல் வைரம் வாங்குவது நம் கரைக்குப் புதிதும் இல்லை. உன் கம்பெனியிலிருந்து பழவேற்காடு வெகு தூரம் இல்லை. டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613 இல். துணிதான் அவர்களுடைய பெரிய சரக்கு. கோல்கொண்டா வைரமும் இந்தக் கரையின் வணிகத்தில் இருந்தது. பிறகு சென்னை அதைப் பிடித்துக்கொண்டது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் யூத வணிகர்கள் சிலர் சென்னையில் குடியேறினார்கள். கப்பலில் பவளமும் வெள்ளியும் வரும், வைரம் போகும். பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் நினைவு. லண்டனில் இருந்த முதலாளி கல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. சென்னையில் இருந்த முகவர்தான் பொட்டலத்தைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, விலை பேசி, கமிஷன் எடுத்துக்கொண்டு அனுப்பினார். கல் சரியில்லை என்றால் அடுத்த கப்பலில் கடிதம் வரும், அவர் பெயர் கெடும். அந்தப் பெயர்தான் பிணை.

கல் கையில் இருந்தபோது மனிதர்கள் எவ்வளவு நிதானமாக வாங்கினார்கள் என்பதற்குக் சென்னைக் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட் ஒருவரே போதும். ஜாம்சந்த் என்ற வணிகர் 410 கேரட் முழுக்கல் ஒன்றை அவரிடம் கொண்டுவந்து முதலில் சொன்ன விலை 2 லட்சம் பகோடா, அந்நாளின் தங்க நாணயம். மாதக்கணக்கில் பேரம் நடந்தது. 1702 இல் 48,000 பகோடாவுக்கு முடிந்தது. இங்கிலாந்தில் அறுத்துப் பட்டை தீட்டிய அந்தக் கல் 1717 இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்கப்பட்டு, இன்று லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ரீஜென்ட் வைரமாக அறியப்படுகிறது. கவர்னர் பதவியின் பலம் எல்லாம் இருந்தும் அவர் அவசரப்படவில்லை. உன்னை அவசரப்படுத்துவது 'இன்னும் 3 மணி நேரத்தில் சலுகை முடிகிறது' என்று திரையில் ஓடும் கடிகாரம். அதற்குப் பயப்படாதே.

அந்தச் சலுகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் மார்ட்டின் ராப்பபோர்ட் 1978 இல் தொடங்கிய விலைப் பட்டியல்தான் இன்றும் உலக வியாபாரத்தின் அளவுகோல். வியாபாரிகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் கொடுத்து வாங்குவார்கள். ஆகவே 'பட்டியல் விலையில் 40 சதவீதம் தள்ளுபடி' என்றால் உனக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து உனக்கு உபயோகமான ஒன்று உண்டு. எடை அரை கேரட்டைத் தொட்டதும் கேரட் விலையே மேல்படிக்கு ஏறிவிடும். அரை கேரட், அதாவது 50 சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர். 47, 48 சென்ட் கல்லை நல்ல கட் (பட்டை தீட்டிய நேர்த்தி) உள்ளதாக எடுத்தால், அம்மா காதில் வித்தியாசம் தெரியாது, உன் பையில் தெரியும்.

சான்றிதழை நான் மதிக்கிறேன். அதைத் தரும் நிறுவனங்களில் ஜிஐஏ 1931 இல் தொடங்கியது, ஐஜிஐ 1975 இல் ஆண்ட்வெர்ப்பில். எடை, நிறம், தூய்மை, கட் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறார்கள். ஆனால் விலை எழுதுவதில்லை, கல் காதில் எப்படி இருக்கும் என்றும் எழுதுவதில்லை. நான் சவுகார்பேட்டையில் வைர வியாபாரியிடம் சரக்குக் கணக்குப் பார்த்த காலத்தில், ஒரே நிறம் ஒரே தூய்மை என்று காகிதம் சொல்லும் இரண்டு கற்களை முதலாளி வெள்ளைத் தாள் மடிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஒன்று பளிச்சென்று இருக்கும். இன்னொன்றில் பழுப்போ பச்சையோ ஓடும், அல்லது பால் கலந்த மாதிரி மங்கும். அந்தப் பழுப்பும் பச்சையும் பாலும் சான்றிதழின் முக்கிய வரிகளில் வராது. தரகர்கள் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். தளத்தில் சுழலும் வீடியோ பெரும்பாலும் கல்லின் சொந்தக்காரர் தன் விளக்கில் எடுத்தது. அந்த விளக்கில் எல்லாக் கல்லும் நல்ல கல்தான்.

இன்னொன்று, நம் வீட்டுப் பெண்களுக்கு மிகவும் நெருக்கமானது. உன் பாட்டியின் ஏழுகல் தோட்டை எல்லோரும் புளூ ஜாகர் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. வெயிலில் மெல்லிய நீலம் ஓடும் வெள்ளைக் கல். தமிழ்நாட்டில் அதற்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். இன்றைய சான்றிதழில் அந்த நீலம் 'ஃப்ளோரசன்ஸ்' என்ற வரியில் வருகிறது. வெள்ளைக் கற்களில் அது அதிகமாக இருந்தால் உலகச் சந்தையில் விலை குறைகிறது. நீ அனுப்பிய ஒரு கல்லில் 'ஸ்ட்ராங்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'நன்' என்று இருக்கிறது. மோதிரத்துக்கு என்றால் பரவாயில்லை. தோட்டில் ஒரு காது வெயிலில் நீலம் காட்டும், மறு காது காட்டாது. இரண்டும் இரண்டு வியாபாரிகளின் கற்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜோடியை ஒருவரே பக்கத்தில் வைத்துப் பொருத்த வேண்டும். திரையில் இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்தால் ஜோடி ஆகாது. இரண்டு இடத்தில் இருக்கும் கற்களில் ஒன்று முன்பே விற்றுப்போயிருந்தால், 'இதே மாதிரி இன்னொன்று தருகிறோம்' என்பார்கள். அந்த 'இதே மாதிரி'யை ஒப்புக்கொள்ளாதே.

ஆய்வகத்தில் வளர்த்த லேப் வைரம் பற்றியும் கேட்டிருந்தாய். அது போலி இல்லை, வைரமேதான். 2023 இல் மத்திய அரசு அதற்கான ஆராய்ச்சி மையத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது நம் சென்னை ஐஐடிக்குத்தான். மனதுக்குப் பிடித்தால் தெரிந்தே வாங்கு. ஆனால் அதன் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. நாளைக்கு ஒரு அவசரத்துக்கு விற்கலாம் என்று எண்ணி வாங்காதே. பேனா மாதிரி டெஸ்டரை வைத்து பீப் சத்தம் கேட்டதும் இயற்கை வைரம் என்று நம்பவும் கூடாது. அது இரண்டையும் பிரிக்காது. இயற்கைக் கல்லின் சான்றிதழ் எண்ணை லேப் கல்லின் விளிம்பில் பொறித்து அனுப்பிய கற்களை 2021 இல் ஜிஐஏவே கண்டுபிடித்து அறிவித்தது. எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது, எடையும் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பது அதனால்தான்.

இனி செய்ய வேண்டியது. முதலில் அந்தத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுது. கல் இப்போது யாரிடம் இருக்கிறது, உங்கள் ஆள் யாராவது அதைக் கையில் வாங்கி லூப் லென்ஸில் பார்ப்பாரா, பார்த்துவிட்டுப் பழுப்பு, பச்சை, பால் இல்லை என்று எழுதித் தருவாரா, இரண்டையும் ஒன்றாக வைத்துச் சாதாரண வெளிச்சத்தில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவாரா. நல்ல நிறுவனம் இதைச் செய்யும், அதற்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடு. அந்தப் பார்வைக்குத்தான் நீ பணம் கொடுக்கிறாய். மழுப்பினால் விட்டுவிடு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

திருப்பி அனுப்பும் நாட்கள் எத்தனை, கையில் கிடைத்த நாளிலிருந்தா அனுப்பிய நாளிலிருந்தா என்பதையும் எழுத்தில் வாங்கு. தோட்டில் பதித்துவிட்டால் பல இடங்களில் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஆகவே கல்லை உதிரியாகவே வரவழைத்து, சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் காட்டிய பிறகு பதிக்கச் சொல்வோம். தங்கத்தின் ஆறெழுத்து ஹால்மார்க் எண் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அது எந்த உறுதியும் தராது. டெலிவரி முகவரியாக சிப்காட் கம்பெனி கேட்டைக் கொடுக்காதே. செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தால் பிறகு பேச்சு வளரும். நம் வீட்டு முகவரியைக் கொடு, நான் இருப்பேன். பெட்டியைப் பிரிக்கும்போது சீல் தெரிய வீடியோ எடுத்துவிடலாம்.

ஏதாவது தகராறு வந்தால் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், திருவள்ளூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர்கள் தீர்க்க வேண்டும். 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். இதெல்லாம் தேவைப்படாமல் போக வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உனக்கு ஷிப்ட் இல்லை என்றால் கும்மிடிப்பூண்டி வண்டியில் சென்ட்ரல் வந்துவிடு. நானும் திருவள்ளூர் லோக்கலில் வந்துவிடுகிறேன். சவுகார்பேட்டையில் தெரிந்த கடையில் உட்கார்ந்து ஜி, எச், ஐ மூன்று நிறத்தையும் உன் கண்ணால் பார். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. உனக்கு ஜிக்கும் எச்சுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்தக் காசை நல்ல கட் உள்ள கல்லில் போடலாம். அம்மாவின் பழைய திருகு ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வா, ஆசாரியிடம் அளவு காட்ட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா