மூளையின் நீர்மதகுகள்

மேட்டூரில் காவிரியின் குறுக்கே நிற்கும் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்றது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. அணையின் பெருமை நீரைத் தேக்குவதில் மட்டும் இல்லை. அளவறிந்து திறப்பதிலும் உள்ளது. பாசன மதகு திறவாவிடின் கழனி காயும். வெள்ளக் காலத்தில் பதினாறு கண் மதகு திறவாவிடின் அணைக்கே கேடு நேரும். இத்தகைய மதகுகள் மனித மூளையிலும் உள. அவை கண்ணுக்குப் புலப்படா நுண்மதகுகள். கருவில் வளரும் குழவியின் மூளை செவ்வனே அமைய அவையும் துணைபுரிகின்றன.

மூளையினுள்ளே நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றிலும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்தும் தெளிந்த நீர் ஒன்று நிறைந்துள்ளது. வளர்ந்த மனிதனிடம் அதன் அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். நாள்தோறும் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அதே அளவு குருதியில் மீண்டும் கலக்கிறது. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, இந்நீரில் மிதப்பதனால் 50 கிராம் அளவே கனக்கிறது.

இந்நீரைப் பெரிதும் சுரப்பது, அறைகளினுள் அமைந்த கோராய்டு பின்னல் என்னும் மெல்லிய திசு. அதன் உயிரணுக்களில் சோடியத்தை அறைப்பக்கம் தள்ளும் ஏற்றம் போன்ற புரதம் ஒன்று உண்டு. அது மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே வாங்கும். உள்ளே வந்த பொட்டாசியம், அயனிக் கால்வாய்கள் எனப்படும் புரத மதகுகள் வழியே மீண்டும் வெளியேறும். குளோரைடும் தனக்குரிய வழிகளில் செல்லும். உப்பு சென்ற பக்கம் நீரும் செல்லும் என்பது இயற்கையின் விதி. அந்நீர் செல்வதற்கு அக்குவாபோரின் என்னும் தனி வழியும் உண்டு. அதனைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரி 2003-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

கருவில் இப்பின்னல் இரண்டாம் திங்களில் தோன்றுகிறது. அதற்கு முன்னரே, மூளையாக உருப்பெறும் குழாயில் நீர் நிறைந்து, அதன் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. அவ்வழுத்தம் வீணன்று. 1977-ஆம் ஆண்டு டெஸ்மண்டு, ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் இருவர், கோழிக் கருவின் மூளையிலிருந்து அந்நீரை வடியச் செய்தனர். மூளை சிறுத்தது, அதன் உயிரணுக்களும் குறைந்தன. ஆகவே நீரின் அழுத்தம் மூளையின் வளர்ச்சிக்கே வேண்டப்படுவதாயிற்று. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று, பிறந்த எலிக்குட்டிகளில் இப்பின்னலின் கடத்திப் புரதம் ஒன்று பொட்டாசியத்தோடு நீரையும் அறையினின்று வெளியே வாங்குவதைக் காட்டியது. சுரக்கும் இடமே வடிக்கும் இடமாகவும் பணிபுரிவது வியப்பன்றோ?

குறைந்தால் மூளை சிறுக்கும். மிகுந்தாலோ மூளை நசுங்கும். அறைகளை இணைக்கும் ஒடுங்கிய வழி அடைபடின், நீர் தேங்கிக் குழந்தையின் தலை வீங்கும். மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையாமையே இதற்குக் காரணம். முற்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் பலர் உயிர் பிழைத்திலர். 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் தொழில்நுட்பர், இந்நோயால் வருந்திய தம் மகனுக்காக நீரை ஒரு திசையில் மட்டுமே விடும் வால்வு ஒன்றை அமைத்தார். மிகுந்த நீரைக் குழாய் வழியே வயிற்றறைக்குச் செலுத்தும் முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. நம் நாட்டில் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நிறுவினார்.

குழாய் நீரை வடிக்குமேயன்றி, சுரக்கும் அளவை அடக்காது. அடைபட்டால் மீண்டும் அறுவை வேண்டும். எனவே, பின்னலின் மதகுகளையே மருந்தினால் செம்மை செய்ய இயலுமா என்று அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். குழந்தையின் தலை இயல்புக்கு மிஞ்சிப் பெருப்பதைக் கண்டால், பெற்றோர் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். அளவறிந்து காத்தலே மூளைக்கும் அரணாகும்.