இரு திராட்சைப் பள்ளத்தாக்குகள்

திராட்சை புதுச்சேரி மண்ணுக்குரிய பயிரன்று. எனினும் திராட்சை மதுவின் வரலாற்றில் நம் ஊருக்குப் பழையதொரு தொடர்பு உண்டு. அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இருகைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் பல வெளிப்பட்டன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அம்மது இங்கு வந்திறங்கிய காலத்தில், தமிழகக் கரையிலிருந்து துணி கப்பலேறியது. ஆகவே திராட்சையைப் பற்றிய பாடம் நெசவாள அங்கத்தினர்க்கும் முற்றிலும் புறம்பானதன்று.

குளிர்நாட்டுத் திராட்சைக்கு எடுத்துக்காட்டாக ஜெர்மனியிலுள்ள ஆர் பள்ளத்தாக்கை முதலில் காண்போம். ஆர் என்பது ரைன் நதியில் கலக்கும் ஒரு சிறு ஆறு. அப்பிரதேசம் பூமத்தியரேகைக்கு வடக்கே 50 பாகைக்கும் அப்பால் உள்ளது. அவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பது அரிது. ஆயினும் அங்குச் சிவப்புத் திராட்சையே, அதிலும் பினோ நுவார் என்னும் வகையே, முதன்மைப் பயிராக விளங்குகிறது. இதற்குக் காரணம் நிலமே. ஐஃபெல் குன்றுகள் குளிர்காற்றையும் மிகுமழையையும் ஓரளவு தடுக்கின்றன. தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் கருநிறப் பலகைக்கல் செறிந்துள்ளது. கருங்கல் பகலில் வெயிலை உண்டு, இரவில் அவ்வெப்பத்தை மெல்ல வெளியிடும். சரிவைத் தாங்க எழுப்பிய கற்சுவர்களும் அதே பணியைச் செய்கின்றன. கல்லிடுக்கில் நீர் தேங்காமையால் வேர் ஆழத்திற்குச் செல்கிறது.

குளிரினால் காய் மெல்லப் பழுக்கிறது. இரவு குளிர்ந்திருப்பின் பழத்திலுள்ள புளிப்பு விரைவில் அழியாது; மணமும் நிலைக்கும். குளிர்நாட்டு ஒயினின் சிறப்பெல்லாம் இப்புளிப்பில் அடங்கியுள்ளது எனலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். வசந்த காலத்தில் ஒருநாள் இரவு உறைபனி விழுந்து தளிர் கருகினால், அவ்வாண்டின் வருவாயில் பெரும்பகுதி போயிற்று.

இயற்கையின் இடரைக் காட்டிலும் விற்பனையின் இடரே அக்குடியானவர்களை மிகுதியும் வருத்தியது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுவில், விலையை விதித்தவர்கள் வியாபாரிகள். வறுமை தாளாது பலர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். இந்நிலையில் 1868-ஆம் ஆண்டு மைஷோஸ் என்னும் சிற்றூரில் 18 குடியானவர்கள் ஒன்றுகூடித் திராட்சை வளர்ப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். இன்றும் நடைபெற்று வரும் ஒயின் கூட்டுறவுச் சங்கங்களுள் இதுவே உலகில் மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. தனித்தனியே விற்ற பழம் பொதுவான பாதாள அறைக்கு வந்தது. சாறு அங்கே ஒயினாயிற்று. ஒயின் காத்திருந்து விலை கண்டது.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், ரைனின் மறுகரையில், அதிகத் தொலைவில்லாத ஹெட்டஸ்டோர்ஃபில் ரைபைசன் தம் கடன் சங்கத்தை 1864-இல் நிறுவியிருந்தார். அவருடைய முறையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், சென்னை மாகாண அரசுக்கு 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகள், 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகோலின. (அச்சட்டம் அக்காலத்துப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குச் செல்லாது.) நம் இயக்கத்தின் பாட்டன் வீடு ரைன் நதிக்கரை என்பதை அங்கத்தினர் பலர் அறியார்.

2021 ஜூலை 14, 15 தேதிகளில் ஆர் ஆற்றில் பெருவெள்ளம் பெருகி, 130-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒயின் அறைகளில் சேறு புகுந்தது. சேறு படிந்த புட்டிகளைக் கழுவாமலே 'வெள்ள ஒயின்' என்ற பெயரால் விற்று, மீட்புக்குப் பொருள் திரட்டினர்.

இனி நம் தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். தேனி மாவட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இது அமைந்துள்ளது. மலைக்கு மேற்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழை இப்பக்கம் குறைந்தே விழுகிறது. அக்குறையை நிரப்பியது பெரியாறு அணை. பென்னிகுயிக் கட்டி முடித்து 1895-இல் திறக்கப்பட்ட அவ்வணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி இப்பள்ளத்தாக்கை நனைக்கிறது. வடிகால் நன்கமைந்த செம்மண் நிலமும், பாயும் நீரும், மலைக்காற்றும் சேர்ந்தமையால் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் திராட்சைப் பந்தல்கள் பரவின.

இங்கு மிகுதியாக விளைவது பன்னீர்த் திராட்சை. நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும். பழத்தின் மணமே அதற்குப் பன்னீர் என்ற பெயரைத் தந்தது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடி வீட்டில் இரு வகைகளைக் கலந்து உண்டாக்கிய இனம். ஆகவே பாதிரியார் கொணர்ந்தது வேறு வகையாதல் வேண்டும். பன்னீர் பின்னர் வந்து அதன் இடத்தைப் பிடித்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஆர் நாட்டில் பனிக்காலம் கொடியை உறங்க வைக்கிறது. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. குடியானவன் கவாத்துக் கத்தியே அதற்குப் பருவத்தை வகுக்கிறது. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் குலை அறுவடைக்கு வரும். இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை காண்பதும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு பந்தலில் பழம் இருக்கும்.

இவ்வசதிக்கு ஈடாக நோய் மிகுதி. மழை நாட்களில் இலையின் அடியில் வெண்மையாகப் படரும் அடிச்சாம்பல் நோய் பந்தலையே அழித்துவிடும். இதற்குரிய மருந்தான போர்டோக் கலவையைப் பிரான்சில் மில்லார்டே என்னும் தாவரநூற் பேராசிரியர் 1885-இல் வெளியிட்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளில் மட்டும் நோய் இல்லாதது கண்டு அவர் ஆராய்ந்தார். ஒரு சதவிகிதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் கலத்தில் பாதிப் பாதி நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கிளறிக்கொண்டே ஊற்றுதல் வேண்டும். இரும்புக் கலம் ஆகாது. தீட்டிய அரிவாளின் நுனியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுத்தால், அதில் செம்பு படிந்திருப்பின் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். படியாதவரை சுண்ணாம்பு சேர்த்து, அன்றே தெளித்துவிட வேண்டும்.

பயிர்த்தொழிலில் கம்பத்துக் குடியானவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். குறை விற்பனையிலேதான். பன்னீர்த் திராட்சை தோல் மெல்லியது, விதையுள்ளது. உலர்த்தி வைத்து விற்க ஏற்றதன்று. அறுத்தபின் சில நாட்களே தாங்கும். ஆதலின் தோட்டத்திலேயே வியாபாரியிடம் எடைக்கு விற்பதே பெருவழக்கம். நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். நூலையும் விற்பனையையும் மாஸ்டர் நெசவாளர் கையில் வைத்திருக்கும் ஊரில், தறி நம்முடையதாயினும் கூலி அவர் சொன்னதே. ஆயினும் நெய்த சேலையைப் பத்து நாள் பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாம். பன்னீர்க் குலைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற ஊர்ப் பழத்தை அப்பெயரில் விற்பதை அது தடுக்கும். மழைக்கு முந்தைய வாரத்தில் விலையைத் தூக்கிப் பிடிக்க அதனால் இயலாது. அதற்குக் குளிர்பதன அறையும், சாறு பிழியும் பொறியும், அவற்றைக் கூட்டாக நடத்தும் சங்கமும் வேண்டும். ஜெர்மானியக் கூட்டுறவுகளில் அங்கத்தினர் கொணரும் பழத்தின் எடையை மட்டும் பாராது, சாற்றின் சர்க்கரைச் செறிவை அளந்து, அதற்கேற்ப விலை கொடுக்கின்றனர். அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒரு துளிச் சாறு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் அளவு தெரியும். பார்ப்பவர் குடியானவர் தரப்பில் ஒருவர், வாங்குவோர் தரப்பில் ஒருவர் என இருவராக இருத்தல் நன்று.