'மிஸ்டரி வைன்' 53% தள்ளுபடி: யாருக்கு லாபம்? ஒரு பாட்டில் கணக்கு

லண்டன்ல வேலை பார்க்கிற ஒரு சப்ஸ்கிரைபர் போன வாரம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். "180 பவுண்டு மதிப்புள்ள 12 பாட்டில் வைன், வெறும் 84 பவுண்டு. உள்ளே என்ன இருக்குன்னு பெட்டியைத் திறந்தாத்தான் தெரியும்." டிசம்பர்ல டீம்ல எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காராம். ஊருக்குப் பணம் அனுப்பினது போக மாசம் கையில நிக்கிறது கொஞ்சம்தான், அதுல 84 பவுண்டு பெரிய தொகை. "சார், வாங்கலாமா?"ன்னு ஒரே வரியில கேட்டிருந்தார்.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியே வராது. இங்கே சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில இருக்கு, ஆன்லைன்ல பெட்டி பெட்டியா வீட்டுக்கு வராது. ஆனா இந்தக் கணக்கு போடுற முறை எல்லா 'மிஸ்டரி பாக்ஸ்'க்கும் பொருந்தும். அதனால குடிக்காதவங்களும் படிக்கலாம்.

முதல்ல வரியிலிருந்து ஆரம்பிப்போம். பிரிட்டன்ல வைனுக்கு ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு ஆல்கஹால் டியூட்டி. இது விலையைப் பார்த்து போடுறது இல்ல, உள்ளே எவ்வளவு ஆல்கஹால் இருக்குன்னு பார்த்துப் போடுறது. 2025 பிப்ரவரி 1-ல் வந்த விகிதப்படி, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 29.54 பவுண்டா இருந்துச்சு, கணக்குக்கு அதையே வச்சுக்குவோம். 12.5% வைன், 750 மில்லி பாட்டில்னா அதுல 93.75 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கும். வரி 2.77 பவுண்டு. பாட்டிலை 7 பவுண்டுக்கு வித்தாலும் சரி, 70 பவுண்டுக்கு வித்தாலும் சரி, அதே 2.77. ரெண்டாவது, அதையும் சேர்த்து மொத்தத்துக்கு மேல 20% வாட்.

இப்போ அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஒரு பாட்டிலோட 'மதிப்பு' 15 பவுண்டு. வாட் 2.50, டியூட்டி 2.77 கழிச்சா வியாபாரிக்கு மிஞ்சுறது 9.73. அதே பாட்டிலை உங்களுக்கு 7 பவுண்டுக்குக் கொடுக்கிறார். வாட் 1.17, டியூட்டி அதே 2.77. மிஞ்சுறது 3.06 பவுண்டு.

கவனிச்சீங்களா? உங்களுக்குக் கிடைச்ச தள்ளுபடி 53%. ஆனா அவர் கைக்கு வர்ற பணம் கிட்டத்தட்ட 69% குறைஞ்சிடுச்சு. ஏன்னா அரசாங்கம் டியூட்டியில ஒரு பென்னி கூடத் தள்ளுபடி கொடுக்கல. மிச்சம் இருக்கிற 3.06-லதான் கண்ணாடி பாட்டில், கார்க், அட்டைப்பெட்டி, கப்பல் செலவு, கிடங்கு வாடகை, விளம்பரம், ஊழியர் சம்பளம் எல்லாம் போகணும். அதுக்கப்புறம்தான் திராட்சை விளைவிச்சவருக்கு. உள்ளே இருக்கிற திரவத்துக்கு ஒரு பவுண்டு மிஞ்சினாலே பெரிய விஷயம்.

அப்போ ரெண்டே வாய்ப்புதான் இருக்கு. அந்த 15 பவுண்டுக்கு யாரும் பெருசா வாங்கலங்கிறது ஒண்ணு. இல்லன்னா வியாபாரி உண்மையிலேயே நஷ்டத்துல தள்ளி விடுறார்.

ரெண்டாவது நடக்கவே நடக்காதுன்னு நினைக்காதீங்க, நடக்கும். ஆடிட் பண்றவங்களுக்கு இது பழகின விஷயம். வித்துக் காசாக்க முடியிற விலை அடக்க விலையை விடக் குறைஞ்சிட்டா, சரக்கை அந்தக் குறைஞ்ச விலைக்குத்தான் புத்தகத்துல காட்டணும், வித்தியாசம் நஷ்டம். போன வருஷ ரோஸே வைன், லேபிள் கிழிஞ்சது, 5 பாட்டில் மட்டும் மிச்சம் நிக்கிற சரக்கு, இதெல்லாம் கிடங்குல இடத்தை அடைச்சுக்கிட்டு வாடகையைத் தின்னும். அதைக் கலந்து ஒரு பெட்டியில போட்டு 'மிஸ்டரி'ன்னு பேர் வச்சா வேகமா நகரும். பேரை வெளியில சொல்லாததால, அதே வைனை முழு விலைக்கு வாங்கின வாடிக்கையாளருக்கும் கோபம் வராது. அந்த மாதிரி பெட்டி கிடைச்சா உங்களுக்கு நிஜமாவே லாபம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த 15 பவுண்டு எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. ஆன்லைன் வியாபாரிகள் நிறைய பேர் தங்களுக்குன்னே தயாரிச்ச லேபிள்களை விக்கிறாங்க. வேற எந்தக் கடையிலயும் அது கிடைக்காது. வேற கடையில இல்லாத பொருளுக்கு ஒப்பிட வேற விலையும் கிடையாது, அவர் எழுதினதுதான் எம்.ஆர்.பி. விவினோ, வைன்-சர்ச்சர் ரெண்டுலயும் தேடினா அந்த ஒரே கடைதான் வரும். நாலு கடையில விக்கிற தயாரிப்பாளர் பேர் வந்தா நம்பலாம். முன்னாடி வாங்கினவங்க ரிவ்யூவுல என்னென்ன பாட்டில் வந்துச்சுன்னு எழுதியிருப்பாங்க, அதை வச்சே நாலைஞ்சு பேரைத் தேடிப் பார்த்துடலாம். பத்து நிமிஷ வேலை.

அடுத்தது எதோட ஒப்பிடுறீங்கங்கிறது. 15 பவுண்டோட ஒப்பிடாதீங்க, நீங்க வழக்கமா வாங்குறதோட ஒப்பிடுங்க. டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ்ல 6 பாட்டில் எடுத்தா 25% தள்ளுபடின்னு அப்பப்போ வரும். 9 பவுண்டு பாட்டில் 6.75-க்கு வந்துடும், அதுவும் என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு. மிஸ்டரி பெட்டிக்கு டெலிவரி 8 பவுண்டுன்னு வச்சுக்குவோம், மொத்தம் 92. அதுல 4 பாட்டில் உங்களுக்குப் பிடிக்காம சமையலறை மூலையில நின்னா, பிடிச்ச 8 பாட்டிலோட அடக்க விலை 11.50. தள்ளுபடி எங்கே போச்சு?

தனியா இருக்கிறவங்க இன்னொண்ணும் பார்க்கணும். 12.5% பாட்டில் 12 சேர்ந்தா சுமார் 112 யூனிட். பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல்ல வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம்னு இருக்கு. அதாவது ஒரு ஆளுக்கு 8 வாரச் சரக்கு. 'சீப்பா இருக்கே'ன்னு வாங்கினது மூணே வாரத்துல காலியானா, பாட்டில் விலை குறைஞ்சும் மாசச் செலவு ஏறியிருக்கும். (ஸ்காட்லாந்துல இருக்கீங்களா? அங்கே நிறைய வாங்கினா மலிவுங்கிற ஆஃபருக்கே 2011-லிருந்து தடை. 2024 செப்டம்பர் 30-லிருந்து யூனிட்டுக்கு 65 பென்ஸ் குறைந்தபட்ச விலையும் இருக்கு. 12.5% பாட்டிலை 6 பவுண்டுக்குக் கீழ யாரும் விக்க முடியாது.)

இப்போ நம்ம சப்ஸ்கிரைபருக்கு. பார்ட்டிக்குன்னா வாங்கலாம், தம்பி. பத்துப் பேர் வர்ற இடத்துல ஒருத்தருக்குப் பிடிக்காதது இன்னொருத்தருக்குப் பிடிக்கும், வீணாகிற பாட்டில் குறைவு. ரெட் எத்தனை, வைட் எத்தனைன்னு முன்கூட்டியே சொல்ற பெட்டியா எடுங்க. மேனேஜருக்குப் பரிசா கொடுக்க இதிலிருந்து ஒண்ணை உருவாதீங்க. பேர் தெரியாத லேபிளை அவர் போன்ல தேடிப் பார்ப்பார்.

பெட்டி பார்ட்டிக்குப் பத்து நாள் முன்னாடியே கைக்கு வர்ற மாதிரி ஆர்டர் போடுங்க. ஆன்லைன்ல வாங்கின பொருளைக் காரணமே சொல்லாம ரத்து பண்ண, கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா பாட்டிலைத் திறக்காம வச்சிருக்கணும், திருப்பி அனுப்புற செலவு பெரும்பாலும் உங்க தலையிலதான். கம்பெனி பேர்ல வாங்கினா இந்த உரிமை கிடையாது. அதனால பெட்டி வந்த அன்னைக்கே லேபிளை எல்லாம் தேடிப் பாருங்க, அப்புறம் கார்க்கைத் திறங்க.

பணம் கட்டுற பக்கத்துல கடைசியா ஒரு சின்ன டிக் பாக்ஸ் இருக்கலாம். 'மூணு மாசத்துக்கு ஒரு பெட்டி', 'மாசம் ஒரு தொகை சேமிப்பு' மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். 84 பவுண்டு பெட்டியில வியாபாரி விட்ட பணத்தை அங்கேதான் திரும்ப எடுக்கிறார். அடுத்த பெட்டி என்ன விலை, எந்தத் தேதிக்குள்ள நிறுத்தணும்னு படிச்சிட்டு, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி போன்ல ரிமைண்டர் வச்சிட்டு ஆர்டர் போடுங்க.